கண்ணாடி மாத்தணும்னு சொன்னேன்

என் இடது கண்ணு போனதுக்கு யாரு காரணம்னு ஆளாளுக்கு ஒரு தீர்ப்புச் சொல்லுதாங்க. டாக்டர்னு ஒருத்தன், டோக்கன்னு ஒருத்தன், சுகர்னு ஒருத்தன். எனக்குச் சுகரே கெடையாது. என் பொண்டாட்டி பேச்சி மட்டும் நேரா என்னையக் கை காட்டுதா. எல்லாருக்கும் தனித்தனியா வெளக்கிச் சொல்லி வாய் ஓஞ்சு போச்சு. எழுதி வச்சுட்டா, கேக்கவன் கையில நோட்டைக் குடுத்துட்டு நான் பாட்டுக்கு இருக்கலாம்.

பேரு இசக்கிமுத்து. வயசு நாப்பத்தெட்டு. வீடு முத்தையாபுரம். இருபத்திரண்டு வருசம் துறைமுகத்துல கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுனேன். நாப்பதடி வண்டிய ஒத்தக் கையில ரிவர்ஸ் எடுப்பேன், பாக்கவன் வாயைப் பொளந்துட்டு நிப்பான். இதைப் பெருமைக்குச் சொல்லல. போனது என்னன்னு தெரியணும்லா, அதுக்குச் சொல்லுதேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் யார்டுல வண்டியப் பின்னால எடுத்துக்கிட்டு இருக்கேன். இடது கண்ணோரத்துல பளிச் பளிச்சுன்னு மின்னுது. பக்கத்துல எவனோ வெல்டிங் வைக்கான்னு நெனச்சேன். எட்டிப் பாத்தா ஒருத்தனையும் காணும். கண்ணை மூடுனா மூடுன கண்ணுக்குள்ளயும் மின்னுது. சாயங்காலம் சோத்துத் தட்டுக்கு மேல கறுப்பு கறுப்பாப் பூச்சி பறந்துச்சு. கையை வீசி விரட்டுதேன், அது போக மாட்டேங்கு. பேச்சி பாத்துட்டு, எந்தப் பூச்சிய விரட்டுதியன்னு கேட்டா. உடம்புச் சூடுன்னு முடிவு கட்டி, மறுநாள் தலைக்கு நல்லெண்ணெய் வச்சுக் குளிக்கச் சொன்னா. குளிச்சேன். எண்ணெய் போச்சு, பூச்சி போகல.

இந்த எடத்துல எங்க டிரைவர்மாரு சங்கதி ஒண்ணச் சொல்லணும். கண்ணுல கோளாறுன்னா டிரைவர் வாயத் தொறக்க மாட்டான். குடிச்சதச் சொல்லுவான், வைப்பாட்டி வச்சிருக்கதக் கூடச் சொல்லுவான், கண்ணு மங்குதுன்னு மட்டும் சொல்ல மாட்டான். எங்க கூட ஓட்டுன ஒரு அண்ணாச்சிக்குப் புரை விழுந்துச்சு. ஆபரேசன் செஞ்சா சரியாப் போற விசயம். லீவு கேக்கப் போன எடத்துல ஆபீஸ்ல உண்மையைச் சொல்லிட்டாரு. ஆபரேசன் முடிஞ்சு, இப்ப முன்னைக்கு விட நல்லாத் தெரியுதுன்னு சிரிச்சுக்கிட்டே வந்து நின்னாரு. வண்டிச் சாவி வேற ஆளு கையில இருந்துச்சு. வருசத்துக்கு ஒருக்க ஆபீஸ் சுவத்துல எழுத்துச் சார்ட் மாட்டி எங்கள வாசிக்கச் சொல்லுவாங்க. அதே சார்ட்தான் எல்லா வருசமும். கடைசி ரெண்டு வரி எங்க அத்தன பேருக்கும் மனப்பாடம். கண்ணக் கட்டிட்டுக் கேட்டாலும் ஒப்பிப்போம்.

ஊருக்குள்ள ஒரு கண் டாக்டர் இருக்காரு. கைராசிக்காரர்னு பேரு. அவரப் பாக்க டோக்கன் போடணும். காலையில ஆறு மணிக்கு போன்ல டோக்கன் தொறப்பாங்க, ஆறே காலுக்கு முடிஞ்சிரும். திங்கக்கிழமை ஆறு அடிக்க வண்டிக்குள்ள உக்காந்து அமுக்க ஆரம்பிச்சேன். பிஸி. மறுபடி அமுக்குதேன், பிஸி. நாப்பது தடவ அமுக்கியிருப்பேன். ஆறு இருபதுக்கு எடுத்தாங்க. எடுத்து, டோக்கன் முடிஞ்சிட்டுன்னு சொல்லி வச்சுட்டாங்க. என் பேரக் கூடக் கேக்கல.

பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமேன்னு கேப்பிய. அங்க காலையிலயே போய் சீட்டு வாங்கி வரிசையில நிக்கணும். அந்நேரம் நான் லோடுல இருக்கணும். லீவு போட்டா ஆபீஸ்ல எதுக்குன்னு கேப்பான். அதுக்குப் பயந்துதான் சாயங்காலம் பாக்கிற டாக்டரத் தேடுனேன்.

செவ்வாய்க்கிழமை நேர்ல போனேன். டோக்கன் எழுதுறது ரோஸ்லின்னு ஒரு பொண்ணு. முப்பத்தஞ்சு வயசிருக்கும், நல்ல சூட்டிகை. என் கெட்ட நேரம், அவ மாப்பிள்ளை எங்க டிரான்ஸ்போர்ட்லதான் கேட் பாஸ் எழுதுதான். அவளுக்கு என்னைய நல்லாத் தெரியும். முன்னால ரெண்டு நோட்டு வச்சிருந்தா. ஒண்ணு சாதாரணமா வாரவங்களுக்கு, இன்னொண்ணு அவசரத்துக்கு. அவசர நோட்டுல பேரு ஏறுனா அன்னைக்கே பாத்துருவாரு. என்ன தொந்தரவு அண்ணாச்சின்னு கேட்டா. மின்னுது, பூச்சி பறக்குதுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. சாயங்காலம் இவ வீட்டுல போய்ச் சொல்லுவா, காலையில அவன் ஆபீஸ்ல சொல்லுவான், பத்து மணிக்கு என் சாவி போயிரும். ஒண்ணுமில்ல, கண்ணாடி மாத்தணும்னு சொன்னேன்.

சாதாரண நோட்டப் பொரட்டுனா. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் எடம் இருக்குன்னா. பத்து நாளு. சரின்னு தலையாட்டிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை நெழலு தட்டுச்சு. இடது கண்ணுல, வெளிப்பக்கமா, கீழேயிருந்து ஒரு கறுப்பு ஏறுது. அரைச் சன்னலுக்குத் திரை போட்ட மாதிரி. வலது கண்ண மூடிப் பாத்தாத்தான் தெரியும், ரெண்டையும் தொறந்தா அவ்வளவாத் தெரியாது. அது வசதியாப் போச்சு எனக்கு. தெரியலன்னா இல்லன்னுதானே அர்த்தம், இப்படித்தான் கணக்குப் போட்டேன், கூறுகெட்டவன்.

இருந்தாலும் சனிக்கிழமை மறுபடியும் ரோஸ்லின்கிட்ட போயி, கொஞ்சம் முன்னால போட முடியுமான்னு கேட்டேன். அன்னைக்கு அங்கன நாப்பது அம்பது பேரு. கைக்குழந்தைய வச்சுக்கிட்டு ஒரு பொம்பள தரையில உக்காந்திருக்கா. மருந்துக் கம்பெனிக்காரன் நாலு பேரு டை கட்டிட்டுப் பெட்டியோட நிக்கான், அவனுங்களுக்கு டோக்கனும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது, கதவு தொறந்தா உள்ள போயிருவானுவ. டாக்டர் சம்சாரத்துக்குத் தெரிஞ்சவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் பின்வாசல் வழியாப் போயிட்டு வாராங்க. அதப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சது. ஆனா ரோஸ்லின் சலிக்காம என்கிட்ட மறுபடியும் கேட்டா.

"கண்ணாடிக்கு என்ன அண்ணாச்சி இம்புட்டு அவசரம்? வேற ஏதும் இருந்தாச் சொல்லுங்க. இப்பவே உள்ள அனுப்புதேன்."

"வேற என்ன இருக்கு? பழைய கண்ணாடி கீறல் விழுந்துட்டு, அம்புட்டுதான்."

இந்த ரெண்டு வரிய நான் எத்தனை தடவ நெனச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. அன்னைக்கு அந்தக் கதவு எனக்கும் தொறந்துதான் இருந்துச்சு. நானே இழுத்துச் சாத்தினேன்.

திங்கக்கிழமை ஸ்பிக் நகர் தாண்டி லோடோட வாரேன். இடது பக்கமா வண்டிய ஒதுக்குதேன். சைடு கண்ணாடியில பாத்தேன், ஒண்ணுமில்ல. திடீர்னு ஒரு பொம்பள கத்துற சத்தம். ஸ்கூட்டி. என் முன்சக்கரத்துக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவுல மாட்டி, மண்ணுல எறங்கிச் சாஞ்சு கெடக்கு. ஒரு சாண் தள்ளியிருந்தா ஆளு இல்ல. நான் எறங்கிப் போயி என்ன செஞ்சேன் தெரியுமா? அவளத் திட்டுனேன். கண்ணு பொடதியிலயா இருக்குன்னு கேட்டேன். அவ டிபன் கேரியர் தொறந்து சோறு மண்ணுல கெடக்கு. வண்டிக்குள்ள ஏறி உக்காந்த பொறவு வலது கண்ண மூடிப் பாத்தேன். இடது பக்கத்துல பாதி ரோடு இல்ல.

அதுக்குப் பொறவும் நாலு நாளு வண்டி ஓட்டுனேன். இதை மறைச்சு எழுத எனக்கு மனசு வரல. என் கண்ணு போனதுக்கு அழுவுறவங்க இதையும் சேத்துப் படிக்கட்டும்.

பேச்சி புதன்கிழமை கண்டுபிடிச்சிட்டா. டம்ளர எடுக்கேன்னு காத்தப் புடிச்சேன். அவ என் வலது கண்ணக் கையால பொத்திட்டு, எத்தனை விரலுன்னு கேட்டா. கீழ கறுப்பு, மேல மட்டும் கொஞ்சம் வெளிச்சம். மூணுன்னு அடிச்சு விட்டேன். அவ விரலே காட்டல. சண்டை புடிச்சா, இப்பவே கெளம்புங்கன்னா. ரெண்டு நாள்ல டோக்கன் இருக்கு, பேசாம இருன்னு அடக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை என் டோக்கன் முப்பத்து நாலு. நாலு மணிக்கே போய் உக்காந்தேன். சுவத்துல டி.வி. ஓடுது, சமையல் நிகழ்ச்சி. ஏழு மணிக்கு இருவத்தாறாம் நம்பர். இருவத்தெட்டு உள்ள போயிட்டு வந்ததும் டாக்டர் கைக்கடிகாரத்தப் பாத்துக்கிட்டே வெளிய வந்தாரு, கார்ல ஏறுனாரு, போயிட்டாரு. ஏதோ கல்யாண ரிசப்ஷனாம். மிச்ச டோக்கன் எல்லாம் நாளைக்குன்னு ரோஸ்லின் சொன்னா. அந்தக் கைக்குழந்தைக்காரி அன்னைக்கும் வந்திருந்தா. ஓன்னு அழுதா. யாரும் அவளத் திரும்பிப் பாக்கல, நானும் பாக்கல. அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம். ஒரு நாளுதானேன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

சனிக்கிழமை காலையில முழிச்சா நடுவுல ஒண்ணுமே இல்ல. வலது கண்ண மூடிட்டுப் பேச்சி மூஞ்சியப் பாக்கேன். ஓரத்துல ஒரு காது தெரியுது, மூஞ்சி இருந்த எடத்துல சாம்பல். பேச்சி ஆட்டோ புடிச்சா. கிளினிக்ல காலையில புதுசாப் பாக்க மாட்டாங்க, ஆபரேசன் செஞ்சவங்கள மட்டுந்தான் பாப்பாங்க. இவ உள்ள நொழைஞ்சு, அத்தன பேருக்கு நடுவுல சத்தமா, எங்க வீட்டுக்காரருக்கு இடது கண்ணு தெரியலன்னு சொன்னா. எனக்கு அவ வாயப் பொத்தணும் போல இருந்துச்சு.

ரோஸ்லின் நாற்காலிய விட்டு எந்திரிச்சா. நோட்டத் தொறக்கல. என் கையப் புடிச்சு நேரா டாக்டர் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டா. ரெண்டு நிமிசம் கூட ஆகல. ரெண்டு வாரமா நான் போகாத தூரம் அவ்வளவுதான். பத்தடி இருக்கும்.

சொட்டு மருந்து விட்டு, கண்ணுப் பாப்பா விரிஞ்ச பொறவு, தலையில லைட்டக் கட்டிக்கிட்டு டாக்டர் பாத்தாரு. அப்புறம் தாள்ல படம் போட்டுக் காட்டுனாரு. கண்ணுக்குப் பின்பக்கம் சுவத்துல ஒட்டுன காகிதம் மாதிரி ஒரு சவ்வு இருக்கு, அதுக்குப் பேரு விழித்திரை, அதுலதான் நாம பாக்கிறதெல்லாம் விழுது. எனக்குச் சின்ன வயசுலேயே பவர் ஜாஸ்தி. அந்த மாதிரி ஆளுகளுக்குச் சவ்வு மெலிசா இருக்குமாம். முதல்ல கிழிஞ்சிருக்கு. மின்னுனது அதுதான், பூச்சி பறந்ததும் அதுதான். கிழிசல் வழியாத் தண்ணி எறங்கி, காகிதம் சுவத்த விட்டுப் பைய உரிஞ்சுக்கிட்டே வந்து, நேத்தோ இன்னைக்கோ நடுப்புள்ளியும் உரிஞ்சிட்டு. நடுவு ஒட்டியிருக்க வரைக்கும் பார்வையக் காப்பாத்திரலாம், உரிஞ்ச பொறவு சொல்ல முடியாதுன்னாரு. மதுரைக்கு இன்னைக்கே போகணும்னு லெட்டர் எழுதுனாரு.

"மின்னுன அன்னைக்கே வந்திருந்தா லேசர் வச்சு ஒட்டியிருப்பேன். கால் மணி நேர வேலை."

எனக்கு வந்துச்சு ஆத்திரம். "வந்தேன் டாக்டர். செவ்வாய் வந்தேன், சனி வந்தேன், நேத்து நாலு மணிலேருந்து இங்கனதான் உக்காந்திருந்தேன். நீங்க ரிசப்ஷனுக்குப் போயிட்டிய."

அவரு எழுதுறத நிறுத்திட்டு ரோஸ்லினப் பாத்தாரு. அவ மெதுவா வெளிய போயி சாதாரண நோட்ட எடுத்துட்டு வந்து விரிச்சுக் காட்டுனா. என் பேருக்கு நேரா, கண்ணாடி மாத்த, அப்படின்னு எழுதியிருந்துச்சு. டாக்டர் லெட்டர மடிச்சுக் குடுத்தாரு. பேச்சி என்னையப் பாத்த பார்வைய இந்த ஒத்தக் கண்ணால இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

மதுரையில ரெண்டாம் நாளு ஆபரேசன். மயக்கம் குடுக்கல, கண்ணோரத்துல ஊசி போட்டு மரத்துப் போக வச்சாங்க. வலி இல்ல, ஆனா பேசுறது எல்லாம் கேக்கும். கண்ணுக்குள்ள கூழ் மாதிரி இருக்கத எடுத்துட்டு, சவ்வ மறுபடி சுவத்துல அமுக்கி, அது நகராம இருக்க ஒரு விதமான எண்ணெய ஊத்தினாங்க. பொறவு எங்க டிரைவர்மாரு போன்ல கேட்ட ஒரே கேள்வி, ஆயில் மாத்தியாச்சா அண்ணாச்சி, எத்தனை கிலோமீட்டருக்கு வரும்? சிரிச்சேன். வேற என்ன செய்ய.

அதுக்கப்புறந்தான் நெசமான தண்டனை. பத்து நாளைக்குக் குப்புறவே கெடக்கணும். எண்ணெய் மெதக்கும், கிழிசல் பக்கம் போய் அமுக்கணும்னா மூஞ்சி கீழயே இருக்கணும். திங்கையில குனிஞ்சு, நடக்கையில குனிஞ்சு, தூங்கையில துண்டச் சுருட்டி அதுல நெத்தியக் குடுத்துக்கிட்டு. கழுத்து ஒடிஞ்சு விழுந்துரும் போல இருக்கும். அந்த வார்டுல பன்னண்டு பேரு, அம்புட்டுப் பேரும் தரையப் பாத்துக்கிட்டு இருக்கோம். யாரு மூஞ்சியும் யாருக்கும் தெரியாது, காலுதான் தெரியும். அடுத்த கட்டில்காரரு விளாத்திகுளம் பக்கம் மொளகா வெவசாயி. அவரு பித்தவெடிப்பு எனக்கு நல்ல பழக்கம், மூஞ்சி இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

பேச்சி அந்தப் பத்து நாளும் என்கிட்ட சரியாப் பேசல. ஆனா சோறு குடுக்கும்போது தரையில மல்லாந்து படுத்துக்குவா. நான் கட்டில் விளிம்புல தலையத் தொங்கப் போட்டிருக்கேன், அவ கீழேருந்து கையத் தூக்கி ஊட்டுவா. குழம்பு சொட்டி அவ கன்னத்துல விழும். தொடைச்சுக்கிட்டே அடுத்த வாயி குடுப்பா. ஏளா, எந்திரிச்சு உக்காந்து குடேன்னு சொன்னேன். மூஞ்சியப் பாக்காமத் தின்னா ஒடம்புல ஒட்டாதுன்னா. கோவத்துல இருக்க பொம்பள செய்யுற காரியமா இது. நான் அழுதேன். குப்புற அழுதா மூக்கு நுனியில தண்ணி கோத்து நிக்கும், அதையும் அவதான் தொடைச்சா.

செலவுக் கதைய எழுதல, எல்லா வீட்டுலயும் ஒரே கதைதான்.

ஆறு வாரம் கழிச்சுப் போனப்ப மதுரை டாக்டரம்மா, சின்னப் பொண்ணு, ஒளிக்காமச் சொன்னாங்க. நாள் கடந்ததுனால சவ்வுல தழும்பு விழுந்து சுருங்கிட்டு, ஓரம் மறுபடி தூக்குது. இன்னொரு தடவ கிழிச்சாங்க. அதுவும் போச்சு. இப்ப இடது கண்ணுக்கு முன்னால கைய ஆட்டுனா ஆடுறது தெரியும். யாரு கைன்னு தெரியாது. ஒத்தக் கண்ணுக்காரனுக்குக் கன வண்டி லைசென்ஸ் இல்ல. கம்பெனியில பெரிய மனசு பண்ணி, கேட்ல வண்டி நம்பர் எழுதுற வேலை குடுத்தாங்க. ரோஸ்லின் மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலி. நல்ல மனுசன். அவள நான் அப்பவே நம்பியிருக்கலாமோன்னு தோணும். சொல்லியிருப்பாளோ மாட்டாளோ, யாருக்குத் தெரியும்.

போன மாசம் டிரைவர் அந்தோணி என்னைய டீக்கடைக்குப் பின்னால கூட்டிட்டுப் போனான். என் கூடப் பத்து வருசம் ஓட்டுனவன், தம்பி மாதிரி. பொண்ணு ரெண்டும் படிக்குது. சுத்தும் முத்தும் பாத்துட்டுச் சொன்னான், வலது கண்ணுல ரெண்டு நாளாக் கறுப்பு மயிரு மாதிரி தொங்குது, புகை புகையா வருது. அவனுக்குச் சுகர் உண்டு, அதையும் மறைச்சுத்தான் வச்சிருந்தான். அடுத்த செவ்வாய்க்கு டோக்கன் போட்டிருக்கானாம். என்னன்னு சொல்லிப் போட்டேன்னு கேட்டேன். அவன் என் கையப் புடிச்சுக்கிட்டான்.

"உமக்குத்தான் இது தெரியும்னு வந்தேன். யார்ட்டயும் மூச்சு விடாதிய அண்ணாச்சி. சாவி போச்சுன்னா நாங்க நாலு பேரும் செத்தோம்."

நான் போன எடுத்து ரோஸ்லினுக்கு அடிச்சேன். அந்தோணி பேரு, எங்க டிரான்ஸ்போர்ட், டிரெய்லர் ஓட்டுதான், சுகர் இருக்கு, வலது கண்ணு மறைக்கு, இப்பக் கூட்டிட்டு வாரேன்னு அவன் முன்னாலயே சொன்னேன். பாதியிலேயே என் சட்டையக் கொத்தாப் புடிச்சுட்டான். கழுத்துப் பொத்தான் தெறிச்சுப் போச்சு. பேசி முடிச்சுத்தான் போன வச்சேன். வராம எங்க போவான், அதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே. கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. லேசர் வச்சாங்க, ஊசி போட்டாங்க. மூணு வாரத்துல தெளிஞ்சிட்டு. டாக்டர் என்னையக் கூப்புட்டு, நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்கன்னாரு.

அவன் கண்ணு தெளியுறதுக்கு முன்னாலயே சாவி போயிட்டு. எப்படிப் போச்சுன்னு நான் கேக்கல. ரோஸ்லினா இருக்கலாம், அவ மாப்பிள்ளையா இருக்கலாம், டீக்கடையில என் சத்தத்தக் கேட்டவனா இருக்கலாம். இப்ப அவன் எங்க கம்பெனிக் குடோன்ல மூட்டை எறக்குதான், வண்டி ஓட்டுனவன். மூத்த பொண்ணு படிப்ப நிறுத்திட்டுக் கடைக்கு வேலைக்குப் போகுதாம். நீங்க செஞ்சது சரியான்னு பேச்சி ஒருநாள் கேட்டா. அவனுக்குக் கண்ணு இருக்குல்லான்னேன். அதை அவன் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லுங்கன்னுட்டு அவ உள்ள போயிட்டா.

தெனமும் காலையில எட்டு மணிக்கு அந்தோணி கேட் வழியாத்தான் வேலைக்கு வாரான். வலது பக்கமா வர எடம் தாராளமாக் கெடக்கும், வர மாட்டான். வேணும்னே என் இடது பக்கமா சுத்தி வந்து, காறித் துப்பிட்டுப் போவான். எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. சத்தம் கேக்கும்லா. நான் திரும்பிப் பாக்க மாட்டேன். நோட்டுல அவன் வந்த நேரத்த எழுதிட்டு, அடுத்த வண்டிய உள்ள விடுவேன்.